ஒரு நாள் முந்தி வருகிற கூட்டம்

அமைச்சர் அவ்னேர் தாஹரிக்கு எதிரான ஆர்ப்பாட்டம் எப்போதும் அவர் பேசுவதற்கு முதல் நாளே நடந்துவிடும். ஜெருசலேமில் அவருடைய அமைச்சகத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே காலை ஏழு மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். அவருக்குப் பேச்சு எழுதித் தருகிற பெனினா பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, அட்டைகளில் இருப்பதை நோட்டில் குறித்துக்கொள்வாள். 'கடலை மடக்கி உள்ளே வைக்காதே' என்று இருந்தால், மறுநாள் அவ்னேர் நாடாளுமன்றத்தில் கடலை மடக்கி உள்ளே வைக்கப்போவதாக அறிவிப்பார். 'சனிக்கிழமையை இரண்டாக வெட்டாதே' என்று இருந்தால் வெட்டுவார். கையெழுத்து விளங்காத இடத்தில் பெனினா அட்டை பிடித்திருப்பவரையே கேட்பாள். அவரும் பொறுமையாகப் படித்துக் காட்டுவார். பிழை இருந்தால் அவளே தன் பேனாவால் திருத்திக் கொடுப்பாள்.

இப்படியே பதினேழு வருஷம். வீட்டு வசதி, சுற்றுலா, மத விவகாரம், மழைநீர் என்று அவ்னேர் ஒன்பது அமைச்சகம் பார்த்தாயிற்று. அரசாங்கம் கவிழும்போதெல்லாம் இந்த ஆள் இத்தோடு தொலைந்தார் என்று பத்திரிகைகள் எழுதும். அடுத்த அரசாங்கத்தில் முதல் ஆளாகப் பதவி ஏற்பார். இப்போது அவரிடம் இருப்பது இடைவேளைகள் அமைச்சகம். கூட்டணியில் ஒரு கட்சிக்கு ஒரு நாற்காலி குறைந்துபோனதால் அவசரமாக உண்டாக்கியது. கட்டடம் நன்றாக இருக்கும். மதியம் நல்ல வெயில் விழும்.

நஹரியாவில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை யாஃபா வாரம் தவறாமல் ஃபோன் பண்ணுவாள். எப்போது வந்து என்னோடு இருக்கப்போகிறாய் என்பாள். இந்த அமைச்சகத்தை மூடட்டும், மறுநாளே வருகிறேன் என்பாள் பெனினா. ஒன்பது தடவையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

கூட்டத்துக்கு முதல் ஆள் யோராம் கரசோ. ரிட்டையரான பூகோள வாத்தியார். கேட்டுக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே அன்றைக்கான முதல் அட்டையை எழுதுவார். அதைப் படித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கோபம் வரும்.

ஒரு திங்கட்கிழமை யோராம் வரவில்லை. அவருடைய நாற்காலி மட்டும் கேட்டில் சாய்ந்திருந்தது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்துபோனதாகக் காவல்காரர் சொன்னார். பெனினா வெள்ளைக் காகிதத்தை மேஜைமேல் வைத்து அது பறக்காமல் பார்த்துக்கொண்டாள். மறுநாள் நாடாளுமன்ற மேடையில் அவ்னேர் பன்னிரண்டு நிமிஷம் நின்றார், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார், இறங்கிவிட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் தயாராக வைத்திருந்த கண்டனத்தை வரி விடாமல் வாசித்தார்கள். நன்றாக எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை நீங்கலாக ஏழு நாள் தொடர்ந்து எதிர்ப்பு இல்லாவிட்டால் அமைச்சகத்தை மூடிவிட வேண்டும். கூட்டணி ஒப்பந்தத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. நாலாம் நாள் யாஃபா பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாகச் சொன்னாள். பெனினாவுக்கு இது நல்லதா கெட்டதா என்று தீர்மானமாகவில்லை. பதினேழு வருஷம் ஒரே ஆளுக்குச் சொற்களைக் கோத்துக் கொடுத்தவள். அந்த ஆள் இப்போது வராந்தாவில் நின்று வெறும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சகிக்கவில்லை.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவ்னேரும் பெனினாவும் ஊருக்குள்ளேயே கத்தமோன் பகுதியில் இருந்த யோராம் வீட்டுக்குப் போனார்கள். மடக்கு நாற்காலியை அவ்னேரே தூக்கிக்கொண்டு வந்தார். யோராம் பைஜாமாவோடு பீட்ரூட் சூப் கிண்டிக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லையாம். போன ஞாயிறு ராத்திரி படுத்தவர் நன்றாகத் தூங்கிவிட்டார். எழுந்து பார்த்தால் அவ்னேர்மேல் கோபம் எதுவும் மிச்சம் இல்லை.

அந்த ஊரில் அமைச்சரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"உன்னைப் பத்தி ஒண்ணும் தோணல, அவ்னேர்," என்றார் யோராம். "உப்பு போதுமான்னு பாரு."

அவ்னேர் கரண்டியை வாங்கி ருசி பார்த்தார். போதும் என்றார். பிறகு, நாளைக்கு ஒரே ஒரு நாள் வந்து உட்கார முடியுமா, அட்டையைப் பெனினாவே எழுதித் தருவாள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பதினேழு வருஷமா நான்தான் முதல்ல வாயைத் திறக்கிறேன். ஒரு தடவை நீ திற."

அவ்னேர் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். பெனினா பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தாள், எழுதித் தர ஒன்றும் இல்லாததால் மூடினாள். சூப் இரண்டு தடவை கொதித்து அடங்கியது. அவ்னேர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தார். முதல் அமைச்சகத்தில் முதல் உத்தரவாக அவர் எடுக்கச் சொன்னது, கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் இருந்த பெஞ்சை. அதற்கு முதல் நாள், 'பெஞ்சை எடுக்காதே' என்று அட்டை பிடித்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யோராம்தான்.

"அந்தப் பெஞ்சைத் திரும்பப் போட்டுடறேன்," என்றார் அவ்னேர்.

அவர் சொந்தமாகச் செய்த முதல் அறிவிப்பு அது. பெனினா தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

யோராம் அடுப்பை அணைத்தார். அவருடைய காது மெல்லச் சிவந்தது.

"மடக்கு நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு அதுக்கேத்த மாதிரி வளைஞ்சாச்சு. இப்ப பெஞ்சு போடுவியா நீ? எழுந்திரு. நாற்காலியைக் குடு."

மூன்று பேரும் சூப் குடித்தார்கள். நன்றாக இருந்தது.

ஏழாம் நாள் காலை பெனினா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கேட்டுக்கு வெளியே முந்நூறு பேர் இருந்தார்கள். முன்னால் யோராம், மடியில் விதைப் பொட்டலத்தோடு. 'பெஞ்சைத் திரும்பப் போடாதே.' அவ்னேர் வராந்தாவிலிருந்து கையை ஆட்டினார். கூட்டம் அவரைத் திட்டியது. அவர் முகம் தெளிந்துபோயிருந்தது.

பெனினா கோடியிலிருந்து குறித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரிசையில் இன்னொரு பெனினா நின்றிருந்தாள், அதே முகம். அவள் கையிலும் ஒரு அட்டை இருந்தது: 'பெனினா, நஹரியாவுக்குப் போகாதே.' கத்தரிப்பூ நிறத்தில், பெரிய பித்தான் வைத்த கோட்டு போட்டிருந்தாள். பெனினாவிடம் அப்படிக் கோட்டு இல்லை. எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். அவளும் பொறுமையாகச் சொன்னாள். ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். பெனினா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டு, பேச்சை எழுத உள்ளே போனாள்.