ஆள்காட்டி

மண்குவியலுக்குள் இரும்பு ஸ்கேலைச் செருகி எடுத்து, ஒட்டி வந்த மண்ணை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள் ஆய்வாளர். புல்வேரும் இருந்தது, ஆழத்திலிருந்து வரும் மஞ்சள் களிமண்ணும் இருந்தது.

"மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒண்ணாக் கொட்டியிருக்கீங்க. பிரிச்சுப் போடுங்க."

கூலியாட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்களுக்குள் அவளுக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். நிலக்கரி இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கத்தான் அந்தப் பொது நிலத்தில் அனுமதி. வந்த சுவடு தெரியாமல் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. சேற்றுத் தண்ணீர் தார்ப்பாய் விரித்த குழிக்குள்தான் போக வேண்டும். வண்டிகள் ஒரே தடத்தில் வந்துபோக வேண்டும். வேலை முடிந்த துளையை சிமெண்டால் அடைக்க வேண்டும். தரையில் முட்டையிடும் பறவையின் கூடு பக்கத்தில் இருந்தால், குஞ்சு பொரித்துப் போகிறவரை எஞ்சின் ஓடக்கூடாது. இவற்றையெல்லாம் பார்ப்பது அவள் உத்தியோகம். எதைக் கண்டுபிடித்தாலும் பக்கத்தில் மூன்று கற்களை முக்கோணமாக வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். மறுபடி வரும்போது தேட வேண்டாம் அல்லவா. மூணு கல்லு கிடந்தா அங்க மேடம் கண்ணு கிடக்கு என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

ஜீப்பின் நிழலில் சாய்ந்து நின்ற காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய அக்கா புருஷன். அக்காவின் வளையல்களும் சங்கிலியும் துளை போடும் எந்திரமான அவருடைய முதல் ரிக்குக்குள் போயின. ரிக் ஓடத் தொடங்கியபின் அக்காவை ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனவர்தான். அதற்குப் பிறகு வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தார்; அந்த வீட்டுப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடமும் போகிறது. அக்கா இன்னும் பெட்டியைக் காலி செய்யவில்லை. புடவையை எடுப்பாள், உடுத்துவாள், துவைத்து மடித்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைப்பாள். பீரோவில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கை பீரோக் கதவை அறைந்து சாத்துவாள்.

மூன்றாவது துளைக்கு ரிக்கை நிறுத்திய அன்று, இரண்டு பறவைகள் வானத்தைக் கிழிக்கிற மாதிரி கத்திக்கொண்டு ஆட்களின் தலைக்கு மேலே சுற்றின.

"ஆள்காட்டிக் குருவி" என்றார் காண்ட்ராக்டர். "திருட்டுப்பய எவன் வந்தாலும் சுத்திச் சுத்திக் காட்டிக் குடுத்திடும். என்னை விடமாட்டேங்குது பாரேன் சின்னக்குட்டி."

பாவாடை சட்டை போட்ட காலத்தில் அவர் அவளைக் கூப்பிட்ட பெயர் அது.

"குழியில தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு. மாத்தச் சொல்லுங்க" என்றாள் அவள்.

கூடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ரிக் வருமுன் இடம் பார்க்க வந்தபோதே தெரியும். துளை போட நட்டிருந்த அடையாளக் குச்சிக்குச் சற்றுத் தள்ளி, சரளைக் கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள். குச்சியைப் பிடுங்கி ஓடைக்கு அந்தப்பக்கம் நட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பிடுங்கத்தான் குனிந்தாள். குனிந்தவளுக்குப் பீரோவின் காலிப்பாதி கண்ணில் வந்து நின்றது. அப்படியே நிமிர்ந்து, இடம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ரிக் ஓட்டும் டிரில்லர் வெள்ளந்தியான மனுஷன், பேச்சுக்கு ஆள் கிடைத்தால் போதும். "களிமண்ணுல பயம் இல்ல மேடம். மணல்தான் எமன். துளைக்குள்ள இறக்குற ராடு மணலுக்குள்ள இருக்கிறப்போ எஞ்சின் நின்னா, நாலு பக்கமும் சரிஞ்சு கவ்விக்கும். அப்புறம் ராடும் போச்சு, அதோட நுனியில துளைக்கிற பிட்டும் போச்சு. முதலாளி இந்த பிட்டை இப்பத்தான் வாங்கினாரு, குழந்தை மாதிரி பாத்துக்கிறாரு."

அவள் காத்திருந்தாள். தினமும் வந்து மண்ணை அளந்தாள், தடத்தைப் பார்த்தாள், டீ கொடுத்தால் வேண்டாம் என்றாள். துளையிலிருந்து வெளியே வந்த தண்ணீரில் ஒரு காலை வேளை மணல் மினுங்கியது. டிரில்லர் முகம் இறுகி, கைப்பிடியிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றார்.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றாள்.

"மேடம்?"

"பக்கத்துல கூடு இருக்கு. நிறுத்துங்க."

எஞ்சின் அடங்கியது. காண்ட்ராக்டர் ஓடிவந்தார். "ராடையாவது மேல எடுத்துக்கிறோம். கொஞ்ச நேரம்தான்."

"எஞ்சின் ஓடக்கூடாதுன்னா ஓடக்கூடாது."

"உள்ள சரிஞ்சிடும்மா."

"ஒரு வாரத்துல வந்து எடுத்துக்கோங்க."

அவருக்கு அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று புரிந்தது. முகம் கறுத்தது. அவளுக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. இந்த முகத்தை அப்படியே கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"கூட்டைக் காட்டு" என்றார்.

முன்னால் நடந்தாள். அந்தச் சரளையில் பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பது கஷ்டம். ஆனாலும் தடுமாறாமல் நேரே போய் நின்றாள். நான்கு முட்டைகளும் இருந்தன. எறும்புகள் ஒன்றின் மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. டிரில்லர் குந்தி, புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "கல்லு மாதிரி சுடுது. சத்தத்துக்குப் பயந்து அடையை விட்டுடுச்சு போல. முடிஞ்சிருச்சு மேடம்."

காண்ட்ராக்டர் முட்டையைப் பார்க்கவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் முக்கோணமாக மூன்று கற்கள் இருந்தன. இடம் பார்க்க வந்த அன்றைக்கு மனம் ஒன்றை நினைத்திருக்க, கை தன் பாட்டுக்கு வைத்துவிட்டுப் போன கற்கள். அவர் குனிந்து ஒன்றைப் புரட்டினார். வெயில் படாமல் அடியில் கிடந்த புல், கல்லின் வடிவத்திலேயே வெளிறிப் போயிருந்தது.

"எப்போ பாத்தே?"

டிரில்லர் எழுந்து, தூரத்தில் எதையோ பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்.

காண்ட்ராக்டர் கல்லை அதன் தடத்திலேயே பொருத்தி வைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "பரவாயில்ல. நீயும் நம்ம ஆளுதான் சின்னக்குட்டி."

"மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க அத்தான்" என்றாள். கல்யாண வீட்டில் கூப்பிட்டதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வந்தது இப்போதுதான். "நானும் பதில் எழுதிக்கிறேன். எஞ்சின் ஓடாது."

துளைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடியில் எங்கோ மணல் சரிகிற சத்தம், யாரோ அரிசி புடைப்பது போல, விட்டு விட்டுக் கேட்டது. அது நிற்கிற வரை கேட்டாள். பிறகு ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டித்தடத்தில் நடந்தாள்.

பறவை அப்போதுதான் திரும்பி வந்தது. ரிக்கின் மேலே சுற்றவில்லை. ஜீப்பையும் ஆட்களையும் தாண்டி வந்து, அவள் தலைக்கு மேலே தாழ்ந்து கத்தியது. அவள் வேகமாக நடந்தாள், அதுவும் கூடவே வந்தது. மண்வெட்டிகள் நின்றன. ஆட்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, பறவையைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே பார்த்தார்கள்.