பங்காருபேட்டைக்கு முன் விழ வேண்டிய தீர்மானம்

பெங்களூரிலிருந்து மாலையில் கிளம்பும் பாசஞ்சரில் கடைசிக்கு முந்தைய பெட்டி பஜனைக்காரர்களுடையது. வேலை முடிந்த அலுப்பை அவர்கள் பாடித்தான் தீர்ப்பார்கள். பக்கத்துப் பயணிகளின் தலைவலியைப் பற்றிக் கவலையே கிடையாது. டோலக் செல்வமணியின் கையில். இடது கையை அழுத்தித் தேய்த்து அவர் ஒரு குமுக்கி போட்டால், சீட்டாடுகிறவர்கள்கூடச் சீட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தீர்மானம் விழாமல் யாரும் எழக்கூடாது. ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்துத் தாளத்தின் தலையில் வந்து விழுவதுதான் தீர்மானம். பங்காருபேட்டை வருவதற்குள் அது விழுந்துவிடும், கற்கண்டு கைமாறும், பாதிப் பேர் இறங்குவார்கள். அதுவரை தோளோடு தோள் இடித்துப் பாடியவர்கள், பையைத் தூக்கியதும் யாரோ எவரோ. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை இருக்காது.

செல்வமணி போகவேண்டியது பங்காருபேட்டையைத் தாண்டி சாம்பியன் ரீப்ஸுக்கு. போன மழைக்காலத்தில் மனைவி மமதா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. காலையில் குடித்த டீ டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

அன்று பாடியது மங்கம்மா. கார்மெண்ட்ஸில் தைக்கிறவள், பங்காருபேட்டைக்காரி, நல்ல கனத்த குரல். ஊர் நெருங்கியது. செல்வமணி சொற்கட்டை ஒரு தரம் வாசித்தார், இரண்டாம் தரம் வாசித்தார். மூன்றாவதுக்குக் கை வரவில்லை. ஓர் உருட்டை இழுத்துவிட்டு, குமுக்கி போட்டு, மறுபடி பாட்டுக்குள் போய்விட்டார். மங்கம்மாவும் கண்ணை மூடிக்கொண்டே முதலடிக்குத் திரும்பினாள். மறுபடி இரண்டு தரம், மறுபடி உருட்டு. பஜனைத் தலைவர் ராஜப்பா விவரம் தெரியாமல் "ஆஹா!" என்றார். வண்டி நின்றது. சிலர் சட்டத்தைக் காற்றில் விட்டுக் குதித்தார்கள். பாடுகிறவள் எப்படிக் குதிப்பாள்? அவள் கண் திறந்தபோது பிளாட்பாரம் நகர்ந்துகொண்டிருந்தது.

சாம்பியன் ரீப்ஸில் அவளும் இறங்கினாள். போன் போட்டதற்கு, பைக்கில் வருவதாகப் புருஷன் சொன்னான். சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இன்னாண்ணா இது? எத்தினி வருசமா வாசிக்கிறீங்க, தீர்மானம் வெக்கத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு இழுத்தீங்க? கொயந்த வாசப்படியில உக்காந்துனு கீது."

செல்வமணி டோலக் கயிற்றை நெருடினார். "வெச்சா எல்லாரும் எறங்கிடுவீங்க. வூட்ல எனக்கு யாருமில்லம்மா."

சொன்னபிறகு அவருக்கு வெட்கமாகிவிட்டது. மங்கம்மாவின் கோபம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. "அதுக்கு என்னைய ஏண்ணா புடிச்சி வெக்கிறீங்க?" என்றாள், குரல் மட்டும் இறங்கியிருந்தது. பைக் வந்தது, ஏறிப் போனாள்.

மறுநாள் தீர்மானம் பங்காருபேட்டைக்கு வெகு முன்பே விழுந்தது. மூன்று தரமும் சுத்தமாக, ஒரு குமுக்கிகூட இல்லாமல். ராஜப்பா முகம் சுளித்தார். கற்கண்டு, பைகள், இறங்குகிற அவசரம். மங்கம்மா வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வரேண்ணா."

மமதாவுக்குப் பிறகு அவரிடம் அப்படிச் சொல்லிக்கொண்டு போனவர் யாருமில்லை. "போய்ட்டு வாம்மா" என்று அவர் சொன்னபோது வண்டி நகர்ந்துவிட்டிருந்தது.