தகரமும் றகரமும்

காலை ஒன்பது மணிக்குக் கணினியை இயக்கி ஹெட்போனை மாட்டியதும், முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் காதுக்குள் "வணக்கம்" என்றாள். குரலில் அப்படி ஒரு இனிப்பு. "உங்கள் கணினி வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது. உங்களுக்காகப் புதிய, இயல்பான குரல் நிறுவப்பட்டுள்ளது."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைத் தொடவே இல்லை.

பள்ளிப் புத்தகங்கள் போடும் அந்தப் பதிப்பகத்தில் ஒன்பது வருஷமாக மெய்ப்புப் பார்ப்பவள் அவள். பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினி படிக்கும், அவள் கேட்பாள், தப்பு எங்கே என்று சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பேர். கண்ணைச் சொல்லாமல் காதைச் சொல்வதில் தங்களுக்குப் பெரிய மனசு என்று கூப்பிடுகிறவர்களுக்கு நினைப்பு. அவளும் கண்டுகொள்வதில்லை.

நேற்றுவரை அவளுக்குப் படித்துக் காட்டிய குரலுக்கு அவள் வைத்த பெயர் தகரம். தகர டப்பாவுக்குள் ஒரு ஆளை அடைத்துப் பேசச் சொன்ன மாதிரி இருக்கும். யாரும் வாயால் பேசிப் பதிவு செய்த குரல் அல்ல அது. இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த எவனோ ஒருவன் எழுத்தெழுத்தாகச் செய்து வைத்தது. மனிதர் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. 'ர' வந்தால் தகரம் வழுக்கிக்கொண்டு போகும். 'ற' வந்தால் ஆணி அடிக்கும். லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் மூன்று நாக்கு. ஆசிரியரும் பக்கம் அமைப்பவரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று அனுப்பும் பக்கத்தில் அவள் நாலு தப்புப் பிடிப்பாள். உழைப்பில் பாதி தகரத்துடையது.

இப்போது தகரம் இல்லை.

கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் விஷயத்தில் அவள் ஏற்கெனவே சூடு பட்டவள். ஒரு தடவை விசைகள் இடம் மாறின. இன்னொரு தடவை சத்தமே போய்விட்டது. செத்த பெட்டியின் முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து, புதுப்பிக்கவா என்று கேட்டால் 'பின்னர்' என்பதை அழுத்துவாள். நாலு வருஷமாகப் பின்னர், பின்னர். போன வாரம் கணினிக்காரர் வந்து எல்லாப் பெட்டிகளிலும் கேள்வியையே எடுத்துவிட்டார். "நீங்க எதையும் அழுத்த வேணாம்க்கா, தானா நடக்கும்" என்றார்.

தானாக நடந்துவிட்டது. அதுவும் இன்றைக்குப் பார்த்து.

இன்று மூன்று மணிக்கு அச்சகத்து வண்டி வரும். போக வேண்டியது பிள்ளைகளுக்கான எழுத்துப்பிழை நீக்கும் பயிற்சிப் புத்தகம், எண்பதாயிரம் பிரதி. மரம் – மறம், கூரை – கூறை, அரம் – அறம் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம். நேற்று மாலையே சுத்தம் என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் வண்டி வரும் நாளில் முதலிலிருந்து இன்னொரு முறை கேட்பது அவள் வழக்கம். எழுத்துப்பிழைப் புத்தகத்தில் எழுத்துப்பிழை வந்தால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணு தெரியாதவளை வெச்சுக்கிட்டா இப்படித்தான். ஒன்பது வருஷமாக அந்த வாக்கியம் பலர் வாயில் தயாராக இருக்கிறது. அதை வெளியே துப்ப அவள் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அவள் சம்பாதித்தது என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

ஹெட்போனை மறுபடி மாட்டி முதல் பட்டியலைத் திறந்தாள். "மரம், மரம்" என்றாள் புதியவள். "கூரை, கூரை." தெருவில் எல்லோரும் பேசுகிற மாதிரியே பேசினாள். ரகரமும் றகரமும் ஒரே சர்க்கரைப் பாகு.

கணினிக்காரர் வந்தார். நாற்பது வயது, எப்போதும் அவசரம். ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, "சூப்பரா பேசுதேக்கா, நியூஸ் வாசிக்கிற மாதிரி. பழசு என்ன, டப்பால கல்லைப் போட்டு ஆட்டுன மாதிரி" என்றார்.

"அந்தக் கல்லுதான் சார் எனக்குச் சோறு போடுது. திரும்பக் கொண்டு வாங்க."

"புது சிஸ்டம் அதை ஏத்துக்காதுக்கா. வழி தேடணும், ரெண்டு மூணு நாள் ஆகும். அப்டேட்டே வேணாம்னும் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டடத்துல வைரஸ் புகுந்து மொத்த ஃபைலும் போச்சு, தெரியும்ல?"

அதுவும் பொய்யில்லை. அதற்குள் நிர்வாகி வந்துவிட்டார். எல்லோருக்கும் மேடம். நல்லவர்தான், ஆனால் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

"நேத்தே நீங்க ஓகே சொன்னதுதானே? அப்படியே அனுப்பிடலாம். காலையில நானும் ஒரு புரட்டு புரட்டினேன், நல்லாத்தான் இருக்கு."

"மேடம், கண்ணை மூடுங்க" என்றாள் காதக்கா.

"என்ன?"

"சும்மா மூடுங்க. சார், ரெண்டு தடவை 'கரி'ன்னு அடிங்க. ஒண்ணு அடுப்புக்கு, ஒண்ணு தட்டுக்கு. எது முன்னாடின்னு சொல்லாதீங்க."

கணினிக்காரர் தட்டினார். அந்தச் சர்க்கரைக் குரல் படித்தது.

"மேடம், எதைத் திங்கலாம், எதைத் திங்கக் கூடாது?"

மேடம் மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும். கடைசியில் சிரித்தேவிட்டார். "சரி, புரியுது. ஆனா மூணு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்காது வண்டி. பார்க்க முடியலைன்னா நேத்து பார்த்ததே போதும்."

எல்லோரும் போன பிறகு அவள் விரலை விசைமேல் வைத்தாள். ஒரு எழுத்தின்மேல் நின்று விசையை ஒரு முறை தட்டினால் எழுத்தைச் சொல்லும். அடுத்தடுத்து மூன்று முறை தட்டினால் அந்த எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் எண்ணைச் சொல்லும். முன்பு ஒரு நாள் கைதவறித் தெரிந்துகொண்டது. யாருக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். இப்போது ஒரு வெற்றுப் பக்கத்தில் தானே 'ர' அடித்துத் தட்டினாள். "இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டு" என்றது சர்க்கரை, காதலைச் சொல்வதுபோல. பிறகு 'ற' அடித்துத் தட்டினாள். தொண்ணூற்று மூன்று.

ரகரம் இரண்டு, றகரம் மூன்று. அடுத்து லகரம் நான்கு, ளகரம் ஐந்து, ழகரம் ஆறு. எவனோ வரிசையாக உட்கார வைத்திருக்கிறான். குரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றட்டும், எண்ணில் சர்க்கரை போட முடியாது.

நாற்பத்தெட்டுப் பக்கம். பட்டியல்களைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, பாட வாக்கியங்களில் சந்தேக எழுத்துகளில் மட்டும் நின்று தட்டிக்கொண்டே போனாள். நடுவில் கணவர் கைபேசியில் கூப்பிட்டார். லிப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கிணற்றுக்குள்ளிருந்தோ பேசுவதுபோல் குரல் எதிரொலிக்கும். விஷயத்தைச் சொன்னதும், "அடப்பாவமே, உன் ரெண்டாவது புருஷன் ஓடிப்போயிட்டானா?" என்றார்.

"ஓடல. தூக்கிட்டாங்க."

"நான் ஒருத்தன் இருக்கேன்ல."

"உங்களுக்கு றகரம் வராது. போனை வைங்க."

பதினேழாம் பாடத்தில் கை நின்றது. 'புலவர் அரசனிடம் பொன் இரந்தார்' என்பது வாக்கியம். இரந்தார் என்றால் கேட்டு வாங்கினார். இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தது. மறுபடி தட்டினாள். மூன்றுதான்.

நேற்று நான் விட்டுவிட்டேனா? முதலில் வந்த நினைப்பு அதுதான். கண்ணு தெரியாதவளை வெச்சுக்கிட்டா என்ற அந்த வாக்கியத்தை யார் வாயும் சொல்லவில்லை, அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தது. நேற்று தகரம் அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை முறைப்பான குரலில் ஒரு புலவர் கையேந்துகிறாரே என்று சிரிப்புக்கூட வந்தது. ஆணி அடிக்கவில்லை. சத்தியமாக இல்லை.

முதல் பட்டியலுக்கு ஓடினாள். மரம், இரண்டு. மறம்? அதுவும் இரண்டு. கூரை இரண்டு, கூறையும் இரண்டு. காலையில் புதியவள் "மரம், மரம்" என்றபோது வாய்க் கோளாறு என்று நினைத்தாளே, எழுத்தே மாறிக் கிடந்திருக்கிறது.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேடமும் சேர்ந்து வந்தார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் புலவர் கையேந்திட்டு இருந்தார். இன்னைக்குச் செத்துக் கிடக்கார். யார் கொன்னது?"

கணினிக்காரர் திரையில் குனிந்தார். எழுந்து பக்கம் அமைப்பவரின் பெட்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது நடையில் அவசரம் இல்லை.

"அந்தப் பெட்டியும் ராத்திரி அப்டேட் ஆயிருக்குக்கா. கூடவே எழுத்துத் திருத்தம்னு ஒண்ணு ஆன் ஆயிருக்கு. காலையில பக்க எண் போட ஃபைலைத் திறந்திருக்கார். அதிகம் புழங்காத சொல்லையெல்லாம் புழங்கற சொல்லா மாத்திடுச்சு."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. அது... தானா."

"என் கண்ணுல படவே இல்லையே" என்றார் மேடம். "மரம்னு இருந்துச்சு, சரியாத்தானே இருக்குன்னு போயிட்டேன்."

"அதான் மேடம் கண்ணோட கோளாறு. பழகின மூஞ்சின்னா விட்டுடும்."

மணி ஒன்று. மேடம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திருத்தத்தை அணைத்துவிட்டுக் கணினிக்காரர் பக்கம் அமைப்பவரின் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினார். இவள் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு இங்கிருந்து எண்ணைக் கேட்டாள். மறம். "தொண்ணூற்று மூன்று" என்றது சர்க்கரை. "சரி!" என்றாள் காதக்கா. கூறை. மூன்று. "சரி!" அரம். இரண்டு. "சரி!" பத்தாவது திருத்தத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். இருபதாவதில் பின்னால் ஒரு கூட்டமே மூச்சு விடுவது கேட்டது. முப்பத்தோராவது புலவர். அவள் விசையை மூன்று முறை தட்டினாள். சர்க்கரை வாய் திறப்பதற்குள் கூட்டம் முந்திக்கொண்டது: "தொண்ணூத்தி ரெண்டு!"

"பொழைச்சுட்டார்" என்றாள் அவள். யாரோ மேசையைத் தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். கீழே வண்டி ஹாரன் அடித்தது. "நிக்கட்டும்" என்றார் மேடம். ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தபோது மேசைப் பக்கத்தில் கணினிக்காரர் நின்றிருந்தார். "ஞாயிறு பூரா உட்கார்ந்து உங்க பழைய டப்பாவை ஏத்தினேன். இன்னொரு விஷயம்க்கா. இனிமே பதினாலு பெட்டிக்கும் அப்டேட் கேள்வி உங்களுக்குத்தான் வரும். நீங்க சரின்னாதான் நடக்கும். மேடம் உத்தரவு."

"வைரஸ் வந்தா?"

"சும்மா தள்ளிப் போடாம கேட்டுப் பார்த்து அழுத்துவீங்கல்ல. அது போதும்."

அவர் போன பிறகு ஹெட்போனை மாட்டினாள். கரகரவென்று ஒரு மூச்சு. "வ. ணக். கம்." அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு வேலைக்கு நடுவே தகரம் நின்றது. "புதுப்பிப்பு தயார். மறுதொடக்கம் செய்யவா?"

அவள் விரல் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை. அம்பு விசையால் ஒரு சொல் பின்னால் போனாள்.

"மறுதொடக்கம்" என்றது தகரம். ஆணி இறங்கியது. கேள்வியை முழுதாகக் கேட்டுப் பார்த்த பிறகுதான் பதில். இன்னொரு சொல் பின்னால் போனாள்.