இரண்டாவது ரிமோட்

18.06.2025, புதன். நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. 'அண்ணன் மூச்சு விடுகிறான்' என்று எழுதியிருக்கிறேன். விடவில்லை. மெஷின்தான் விட வைக்கிறது. டாக்டர் இன்று காலைதான் விளங்கும்படி சொன்னார்.

கலைப்பிரியா பழைய வரியை அடித்துத் திருத்தவில்லை. பகலில் ஜெராக்ஸ் கடையிலும் சாயந்திரம் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் வகுப்பிலும் இருப்பவள் அவள். வகுப்பில் பிழையை அழிக்க விடமாட்டார்கள். தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். வகுப்பு நோட்டின் பின்பக்கங்களில் எழுதும் நாட்குறிப்பிலும் அவளுக்கு அதே பழக்கம். நோட்டைப் பையில் திணித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

அண்ணன் தென்னரசு சனிக்கிழமை பால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது விழுந்தவன். முப்பத்தைந்து வயது. மூளை முழுக்க ரத்தம் பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இப்போதே கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்குப் போன் போட்டபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"உயிரோட கொண்டாந்துடுடி. எம்புள்ளய நான் ஒரு வாட்டி பாத்துக்கறேன்."

விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரம். ஆம்புலன்சில் மெஷின் இல்லை. தொண்டைக்குள் போயிருந்த குழாயின் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி, டிரைவர் அதை அவள் கையில் கொடுத்தார். அவர் சட்டைப் பையில் நெடுஞ்செழியன் என்று பெயர் தைத்திருந்தது.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அமுக்கு. அவ்ளோதாம்மா. ஜல்தி ஜல்தியா அமுக்காதீங்க. நீங்க மூச்சு உடற மாதிரி நெனச்சிக்கினு அமுக்குங்க. டோல்கேட்டுல வண்டி நின்னாலும் கை நிக்கக் கூடாது."

"நான் தப்பா அமுக்கிட்டா?"

அவர் கதவைச் சாத்தினார்.

அண்ணி புனிதா கால்மாட்டில் அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலைப்பிரியா எண்ணினாள். நாலுக்குப் பிறகு அமுக்கினால் நெஞ்சு ஏறியது; விட்டால் இறங்கியது. நாலு சரியா, மூன்றா? அவளுடைய நாலும் டிரைவருடைய நாலும் ஒன்றுதானா? கேட்க ஆள் இல்லை.

"நான் வாங்கிக்கட்டுமா கலை? கை வலிக்கும்."

"வேணாம் அண்ணி."

கை மாறும் நேரத்தில் ஒரு மூச்சு தவறிப்போனால் என்ன செய்வது? அதனால் அவள் கொடுக்கவில்லை.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்த வருஷம், அப்பா பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். வெள்ளைப் பெட்டி, சிவப்பு மூடி, ஒரே ஒரு மஞ்சள் கேசட். அதன்மேல் ஆயிரக்கணக்கான கேம் என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தவை பதினொன்று. அவையே பேர் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் ஊத வேண்டும். அந்த வேலையை அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"எச்சி தெறிக்காம ஊதணும். பாப்பா ஊதுனா கேசட்டுக்கே சளி புடிச்சிக்கும்."

ரிமோட் இரண்டு. முதல் ரிமோட் அவனுடையது. இரண்டாவதில் ஓட்டலாம், சுடலாம். ஆரம்பிக்கவும் நிறுத்தி வைக்கவும் அதில் பட்டன் கிடையாது. அழுதுகொண்டு போய்க் காட்டினால், "கம்பெனிக்காரனே தங்கச்சிங்களுக்குன்னு செஞ்சது அது" என்பான்.

டாங்கி கேமில் இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். மஞ்சள் டாங்கி அவன், பச்சை அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறாவது கட்டம் வரை போய்விட்டார்கள். அதுவரை அவர்கள் பார்த்தே இராத சுவர்கள். அணைத்தால் எல்லாம் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்துதான். அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் வந்தது. மோட்டார் போடச் சொல்லி அப்பா வாசலில் கத்தினார். அண்ணன் தன் பட்டனை அழுத்தினான். டாங்கிகள் அப்படியே நின்றன.

"தொடாத. ஒயர மிதிக்காத. இதோ வந்துடறேன்."

வாய்க்கால் உடைத்துக்கொண்டதால் அவன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. முழங்கால்வரை சேற்றோடு வந்து பார்த்தால், அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் இரண்டாவது ரிமோட். மற்றொரு கையால், தோசைக்கல்லாகக் கொதித்த அடாப்டருக்குக் கணக்கு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஒன்னுக்குக்கூடப் போவலியா நீ?"

"நீ நிறுத்திட்டுப் பூட்ட. நான் என்னா பண்றது?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது கையில் இருந்ததை அமுக்கலாம், விடலாம். அவ்வளவுதான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி மெதுவானது. புனிதா சட்டென்று பேசினாள்.

"பொங்கல் அன்னிக்கி அந்த டாங்கிய போன்ல தேடிப் புடிச்சாரு, தெரியுமா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"கலை வந்தா ஆடலாம்னு ஒக்காந்துக்கினு இருந்தாரு. ரெண்டு நிமிசம் தனியா ஆடிப் பாத்தாரு. பட்டனே இல்ல, கையி வழுக்குது, இதெல்லாம் ஒரு கேமான்னு தூக்கிப் போட்டாரு. அப்பறம் வாயப் பொளந்துக்கினு தூங்கிட்டாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எண்ணிக்கை தவறியது. மூன்றா, நாலா? கலைப்பிரியா பதறி இரண்டு முறை சேர்த்து அமுக்கினாள். "தப்பு, தப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை வாய்விட்டே எண்ணினாள்.

வீட்டு வாசலில் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் ஆம்புலன்சைப் பார்த்ததும் கடப்பாரையை மறைத்தார்கள். பெரியப்பா சக்கரபாணி முன்னால் ஓடி வழிவிட்டார். கூடத்தில் தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரை டிரைவர் நெடுஞ்செழியன் பக்கத்தில் நிறுத்தினார். கலைப்பிரியா கையை நிறுத்தாமலே நடந்து, நிறுத்தாமலே உட்கார்ந்தாள்.

அம்மா அஞ்சம்மாள் மகனின் நெஞ்சைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏறி எறங்குது பாருங்க. மூச்சு உடுறான் எம்புள்ள. டாக்டருக்கு என்னா தெரியும்?"

கலைப்பிரியா வாயைத் திறந்தாள். பிறகு நாலு என்று மட்டும் முணுமுணுத்து அமுக்கினாள்.

குழாயை ஒட்டிய உதட்டில் ஒவ்வொருவராகப் பாலைத் தொட்டு வைத்தார்கள். எல்லோரும் வைத்து முடித்தார்கள். அதற்குமேல் செய்ய ஏதும் இல்லாததால் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெடுஞ்செழியன் அருகில் வந்து குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வேற ஒரு கேசுக்குக் கூப்புடுறாங்க. என்கிட்ட இருக்கறது இந்த ஒரு பேகுதான்."

"பெரியப்பா..." என்றாள் கலைப்பிரியா.

சக்கரபாணி தோள் துண்டை உதறினார். "பந்தக்காரன் என்னா பண்றான்னு பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனார்.

"அண்ணி..."

புனிதா அவன் பாதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கையி வலிக்குதாடி? குடு, நான் அமுக்கறேன்." அம்மா பையைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. தன் மூச்சுக்கு ஏற்றபடி அமுக்கினாள். "என்னாடா ராசா, அம்மா வந்துட்டேன்டா. பசிக்குதா?"

வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. அம்மா ஒரு கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தபோது நெஞ்சு அசையவில்லை. அவசரமாக அமுக்கினாள், ஏறியது. கையை எடுத்தாள், இறங்கி அப்படியே கிடந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி எடுத்தாள். கையைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள். மூன்றாம் முறை மிகவும் மெதுவாக அமுக்கி, மிகவும் மெதுவாக விட்டாள்.



அம்மா அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். வேட்டியைக் கால்வரை இழுத்துவிட்டாள். குழாயிலிருந்து கழற்றத் தெரியாமல் பையைப் பிடித்தபடி மகளைப் பார்த்தாள்.

"அந்தத் தம்பிகிட்ட குடுத்துடுடி. அவருக்கு நேரமாவுதுல்ல."

கலைப்பிரியா கழற்றிக் கொடுத்தாள். நெடுஞ்செழியன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பந்தல் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது: "மணி என்னம்மா ஆவுது? குறிச்சி வெக்கணும்."

"மூணு பத்து, பெரியப்பா." அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

ஆறரை மணிக்கு அண்ணி ஒரு போனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"சார்ஜ் போட்டேன். அவரு கூட வேல செய்றவங்க நம்பரு எல்லாம் இதுலதான் இருக்குது. தொறக்கத் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு தேதிகளைப் போட்டுப் பார்த்தாள், திறக்கவில்லை. பூட்டிய திரையின் மேல்மூலையில் சின்னதாக ஒரு மணிப் படமும், பக்கத்தில் ஒரு நேரமும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

நாளை, வியாழன்: விடியற்காலை 4.40க்கு அண்ணன் போனில் பால் வண்டி அலாரம் அடிக்கும். அம்மா காதில் விழுவதற்குள் நிறுத்த வேண்டும்.