சுருளில் நின்ற தண்ணீர்

ஆர்லீன் சமையலறைக் குழாயைத் திறந்ததுதான் தாமதம், வெண்டல் பிடித்திருந்த செம்புக் குழாய்ச் சுருளின் கழுத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து அவன் சட்டையை நனைத்தது.

"அண்ணி, மூடுங்க, மூடுங்க! சுருள் பிளந்துபோச்சு!"

அடுப்பில் பீருக்கான பார்லிக் கஷாயம் அப்போதுதான் கொதித்து முடிந்திருந்தது. அந்தச் சுருளைப் பானைக்குள் இறக்கி, அதனுள்ளே பச்சைத் தண்ணீரை ஓடவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். ஆறினால்தான் ஈஸ்ட் போடலாம். சூட்டில் போட்டால் செத்துப்போகும். இந்த வீட்டில் வெண்டலின் அண்ணன் டெல்மரைத் தவிர யாரும் ஈஸ்ட் போட்டதில்லை. அந்த டெல்மர் கூடத்துக் கட்டிலில் கிடந்தான். இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இந்தப் பானைக்கும் நான்தான் போடுவேன் என்பது அவன் கேட்டிருந்த ஒரே விஷயம். தானாக ஆற விட்டாலோ விடிந்துவிடும்.

"என்ன சத்தம்?" என்றான் கட்டிலிலிருந்து.

"உன் சுருள் வெடிச்சிருச்சு," என்றாள் ஆர்லீன்.

"போன தடவ தண்ணிய ஊதி எடுக்காம ஆணில மாட்டிட்டேன் போல. கராஜ் குளிர்ல உள்ளயே உறைஞ்சு பிளந்திருக்கும்." பிறகு அவனே சிரித்தான். "இதுக்காக எத்தன பேரத் திட்டியிருக்கேன்!"

திட்டத்தான் செய்தான். அந்த ஊரில் பீர் காய்ச்சுகிற ஒருவனையும் அவன் விட்டுவைத்ததில்லை.

"பனி இருக்கறப்ப சுருள் எதுக்கு?" என்று வெண்டல் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். முழங்கால் ஆழப் பனியில் புதைத்துவிட்டுக் காவல் நின்றான். விஸ்கான்சின் குளிர் காதைக் கடித்தது. பானையோ தன்னைச் சுற்றிப் பனியை உருக்கி, ஒரு வளையம் இடம் பண்ணிக்கொண்டு, அதற்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். கை சுட்டது.

உள்ளே தூக்கி வந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்தான்.

"பனியில வச்சியாடா? பனி கம்பளிடா, மடையா, சூட்ட வெளிய விடாது. காய்ச்சக் கத்துக்கற பயலுக மொத வருஷம் பண்ற கூத்து அது. உனக்கு அம்பது வயசாவுது."

"நீ பேசாம மூச்ச விடு," என்றாள் ஆர்லீன் சமையலறையிலிருந்து.

அவள் மேசையில் சுருளைப் படுக்கவைத்து, பிளந்த இடத்தை ஆக்சா பிளேடால் வெட்டி எடுத்துவிட்டிருந்தாள். அப்பாவின் மாட்டுப் பண்ணையில் பால் குழாய்க்குக் கிளாம்ப் மாட்டி வளர்ந்தவள். வெட்டின முனையைப் பிசிறில்லாமல் ராவினாள். ஒரு சுற்றைப் பிரித்து, நசுங்காமல் மெதுவாக வளைத்து, பானை விளிம்புக்கு வெளியே வரும்படி நீட்டினாள். ரப்பர் குழாயைச் செருகி இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். இனி ஒழுகினாலும் தரையில்தான் சொட்டும், கஷாயத்தில் சொட்டாது. வெண்டல் பார்த்துக்கொண்டிருந்தான். பீர் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று முப்பது வருஷமாகச் சண்டை போட்டவள் இவள். காப்பியைத் தவிர வேறெதையும் தொடாதவள். என்ன பெண்பிள்ளை இவள் என்று நினைத்துக்கொண்டான்.

சுருளைப் பானையில் போட்டு, சுத்தத்துக்காக மறுபடி ஒரு கொதி விட்டாள். குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுமுனையில் வாளிக்குள் வெந்நீராகக் கொட்டியது. வாளி வாளியாக நிரம்பியது. கடைசியில் பானையின் பக்கவாட்டில் மணிக்கட்டை வைத்துப் பார்த்து, "போதும்," என்றாள்.

கஷாயத்தை மூடி போட்ட பெரிய வாளிக்கு மாற்றி, இருவருமாகக் கட்டிலோரம் கொண்டுவந்தார்கள். ஆர்லீன் ஈஸ்ட் பொட்டலத்தைக் கிழித்து டெல்மரின் விரல்களில் வைத்தாள். பொட்டலம் சரிந்தது. வெண்டல் தாங்கப் போனான். அவள் கண்ணாலேயே தடுத்தாள்.

பாதி போர்வையில் சிந்தியது. பாதி உள்ளே விழுந்தது.

"போங்கடா, போய் வேலையப் பாருங்க," என்றான் டெல்மர் ஈஸ்ட்டிடம். எப்போதும் சொல்வதுதான். அதற்கு எப்போதும் சிரிக்கிற ஆர்லீன், "கேட்டுருச்சு, போயிருச்சுங்க," என்றாள்.

அவன் கண்ணை மூடினான். வெளியே வெளிச்சம் மங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவள் வெகுநேரம் அவன் நெற்றியில் கை வைத்தபடி இருந்தாள். பிறகு எழுந்து போய், சுருளிலிருந்து பிடித்து வைத்திருந்த வாளிகளில் ஒன்றைத் தூக்கி வந்தாள். அந்தத் தண்ணீரை டெல்மர் ஒருநாளும் வீணாக்கியதில்லை, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்வான். துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். விரல்களில் ஒட்டியிருந்த ஈஸ்ட்டை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"இன்னும் வெதுவெதுன்னு இருக்கு," என்றாள்.

வெண்டலால் அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போனான். கழுவுதொட்டியில் சுருள் கிடந்தது. தூக்கினான், உள்ளே தண்ணீர் களக்கென்றது. அதன் செம்பு முனையில் வாய் வைத்து ஊதினான். மறுமுனையில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"முழுசா ஊதினியா?" என்று கூடத்திலிருந்து கேட்டாள்.

"ஊதிட்டேன் அண்ணி."

"இன்னொரு தடவ ஊது."

ஊதினான்.