மடைக்கு இறங்கிய மச்சான்

எங்கள் கண்மாய்க் கரை கசிய ஆரம்பித்ததும் ஊரே பேச்சிமுத்துவின் வீட்டைப் பார்த்தது. கண்மாய்த் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மடை அந்த வீட்டுப் பங்காளிகளின் பொறுப்பு. பக்கத்திலேயே இரும்பு ஷட்டர் இருக்கிறது. திறப்பு விழாவில் அதற்கு மாலை போட்ட நாங்கள் அப்புறம் எண்ணெய் போடவில்லை. இப்போது துருவேறி அசைய மாட்டேன் என்கிறது. ஆபீசில் சொன்னால் ஆள் வருவார் என்றார்கள். அவர் வருவதற்குள் ஊர் மிதந்துவிடும். யாராவது முங்கி, பழைய மடையின் அடைப்புக் கல்லை உருவினால்தான் கரை தப்பும்.

பேச்சிமுத்துவின் அப்பா அந்த மடைக்குள் போய்த்தான் செத்தார். கல் நகர்ந்ததும் தண்ணீர் அவரைச் சேர்த்து இழுத்துக்கொண்டது. அவர் உடம்பை மறுநாள் வாய்க்காலில் எடுத்தோம். நாகஜோதி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து மழை என்றாலே அவளுக்கு அந்தச் சாவுதான் ஞாபகம் வரும். புருஷன் அவள் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றியபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வகையறாவில் ஒருத்தரும் மடைத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. தீட்டோடு இறங்கியவனை மடையைக் காக்கும் சாமி மடைக்கருப்பு மேலே விடமாட்டார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆனையூரில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் பேச்சிமுத்துவின் பெரியப்பா சின்னான்.

"ஆனையூர்லருந்து போன் வந்துச்சு. பெரிப்பா போயிட்டாராம்" என்று கரையில் நின்று நாகஜோதி அழுதாள். பயந்த அழுகைதானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பேச்சிமுத்து தண்ணீரைத் தொடாமல் திரும்பினான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அழகர்கோவில் பக்கத்தில் பிறந்தவளுக்கு எங்கள் வழக்கத்தில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைத் தலையாரி கருத்தக்கண்ணன் சொன்னார்.

"பங்காளிக்குத் தீட்டுன்னா மடை மச்சானுக்குப் போகும். சுருளி, நீதேன் எறங்கணும்."

சுருளி அவள் தம்பி. கரை கசிகிறது என்று கேள்விப்பட்டு, டி.வி.எஸ்-சில் வெறும் சாக்குகளைக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தவன். கிணற்றில் நீந்துவானே தவிர மடையைக் கண்டதில்லை. ஆனாலும் இத்தனை பேர் பார்க்கும்போது எந்த ஆம்பளை மாட்டேன் என்பான்? இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான்.

"மாப்ள, கல்ல உருவுனதும் எடப்பக்கம் ஒதுங்கிரு. நேரா நின்னா இழுத்துரும்" என்றான் பேச்சிமுத்து.

"சரி மாமா. அக்கா, வாரேன்."

நாகஜோதி உண்மையைச் சொன்னால் புருஷன் இறங்குவான், சொல்லாவிட்டால் தம்பி. பாவி, இரண்டு பக்கமும் அவளே கதவைச் சாத்திக்கொண்டாள். சுருளி முங்கினான். குமிழிகள் வந்தன, பிறகு நின்றன. கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது; நாங்கள் இழுத்தபோது எங்கோ சிக்கி வரவில்லை.

"பெரிப்பா சாகல!" என்று அலறினாள். "நாந்தேன் பொய் சொன்னேன். எந்தம்பியக் காப்பாத்துங்க!"

பேச்சிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தான். கோபப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. கயிறு கட்டாமலே குதித்தான்.

கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. கரையில் எல்லாரும் கத்தினோம். இடப்பக்கம் சுருளியின் தலை தெரிந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டோம். இருமி இருமித் தண்ணீரைக் கக்கினான்.

"மாமாதேன் என்னையத் தள்ளிவிட்டாரு. மாமா வந்துட்டாரா?"

பேச்சிமுத்துவின் தலை எங்கும் தெரியவில்லை. நாகஜோதி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த செல்போன் அடித்தது. அவள் எடுத்து அலோ என்றாள். ஆனையூரிலிருந்து பெரியப்பா மகன்.

"மதினி, காலையிலருந்து கூப்புடுறேன், மழையில லைனே கெடைக்கல. அப்பா போயிட்டாரு. விடியவுமே உசுரு பிரிஞ்சிருச்சு. அண்ணன ஒடனே வரச் சொல்லுங்க."

அவன் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நாகஜோதி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?" என்று அவன் மறுபடியும் கேட்டான்.