பயிற்சிக் காலத்துக்கு ஒரு ஸ்டூல்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே தள்ளி நின்று ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு நடந்து வந்து நடுவில் சந்தித்து முனைகளைச் சேர்க்க வேண்டும். உலர்த்தும் இயந்திரங்கள் மூன்றும் ஓடும்போது பக்கத்தில் வந்தால்தான் பேச்சு காதில் விழும். அதனால் மடிப்பு மேசைப் பெண்கள் இருவரும் பதினாறு வருஷமாகத் தங்கள் வீட்டுக் கதை முழுவதையும் விரிப்புக்கு ஒரு வாக்கியமாகத்தான் பேசி வந்திருந்தார்கள்.

"மேனேஜர் என்னக்கா சொன்னார்?" என்று கேட்டாள் இளையவள். இருவரும் பின்னால் நகர்ந்தார்கள், அடுத்ததை உதறினார்கள், திரும்பி வந்தார்கள்.

"அடுத்தது நீங்கதானேன்னு சொன்னார்," என்றாள் மூத்தவள்.

அடுத்த விரிப்பு. "ஆர்டர் கையில வந்துச்சா?"

அதற்கடுத்த விரிப்பு. "வரும்."

மூத்தவளுக்கு ஸ்தோத்திரம் அக்கா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இயந்திரம் ஓடினாலும் ஸ்தோத்திரம், நின்றாலும் ஸ்தோத்திரம். லிஃப்ட் பழுதாகி ஈரத்துணி மூட்டையைப் படியில் தூக்க நேர்ந்தால் இரண்டு ஸ்தோத்திரம், அதில் இரண்டாவது கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

நின்று நின்று அவள் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. மாலையானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் கடைசி ஓட்டைக்குக்கூட எட்டாது. மூன்றாம் மாடி டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே நின்னு வேலை செய்யக் கூடாதும்மா. இப்படியே விட்டா புண்ணாயிடும், அப்புறம் லேசுல ஆறாது," என்று சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். தரைத்தளத்தில் மேனேஜர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். மடிப்பு மேசைப் பக்கம் நாற்காலி போட்டால் தள்ளுவண்டிக்கு வழி இருக்காது, அப்படி ஒரு விதி இருக்கிறது என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிட்டார்.

சலவைக்கூடம் முழுவதற்கும் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடி அறையில், மேற்பார்வையாளருக்கு. பழைய மேற்பார்வையாளர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவருக்கு அடுத்தபடி ஸ்தோத்திரம் அக்காவுக்குத்தான் அத்துப்படி.

அதனால் அவள் ஜெபித்தாள். கேட்பதை விவரமாகக் கேளுங்கள், கிடைத்துவிட்டது என்றே நம்பி நன்றி சொல்லுங்கள் என்று பாஸ்டர் பிரசங்கம் செய்திருந்தார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் வேலை, கைப்பிடி வைத்த நாற்காலி, சக்கரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டாள். முழங்கால் போட முடியாததால் கட்டிலில் கால் நீட்டிக் கேட்டாள். பக்கத்தில் படுத்திருந்த அவள் புருஷன், குழாய் வேலைக்காரர், "நிறம் சொல்ல மறந்துட்டியே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "அடுத்த மாசத்துலேருந்து நான் உட்கார்ந்து வேலை பார்க்கப் போறேன். ஆண்டவர் எனக்கு நாற்காலி குடுத்துட்டாரு," என்றாள். சபை கைதட்டியது. பாடகர் குழுவிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். விசுவாசமில்லாதவர்கள் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் உத்தரவு கைக்கு வரும்வரை வாயைத் திறப்பதில்லை.

ஒன்றாம் தேதி காலை மேனேஜர் ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, பயந்த முகம். ஆஸ்பத்திரி இயக்குநரின் மனைவிக்கு அண்ணன் முறை. நடத்தி வந்த செல்போன் கடை படுத்துவிட்டதாம்.

"இனிமே இவர்தான் உங்க சார்," என்றார் மேனேஜர்.

ஸ்தோத்திரம் அக்கா கையிலிருந்த விரிப்பை உதறினாள். நடந்து போய் நடுவில் சந்தித்தாள். இளையவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருஷத்தில் பேச்சில்லாமல் மடிந்த முதல் விரிப்பு அது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்தோத்திரம் அக்கா துணிக் கிடங்குக்குள் போய், துவாலை அடுக்குகளுக்கு நடுவே நின்று, அழுது தீர்த்தாள். முகம் துடைத்த துவாலையை மறக்காமல் அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று மாலை அவள் புருஷன் கேலி பேசவில்லை. கால்களுக்கு அடியில் இரண்டு தலையணையை வைத்துவிட்டு, "இந்த வாரம் உடம்பு சரியில்லன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு? நான் கடன்காரி மாதிரி ஒளியணுமா?"

"அதுக்கில்ல. அன்னிக்குக் கைதட்டின ஜனம் இன்னிக்கு மூஞ்சியைப் பார்க்குமே."

"பார்க்கட்டும். நல்லா பவுடர் போட்டுக்கிட்டுப் போறேன்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டருக்கும் விஷயம் எட்டியிருந்தது. சாட்சி நேரத்தை விட்டுவிட்டு நேரே அடுத்த பாட்டுக்குத் தாவப் பார்த்தார். அதற்குள் அவள் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"போன தடவை சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்கிக்கலாம்னு வந்தேன்," என்றாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ஆண்டவர் வாயையே திறக்கல. அவர் கையெழுத்தை நானே போட்டுட்டேன். அந்த வேலை வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. எனக்கு ஆண்டவர் மேல வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனா அவரை விட்டுட்டு எங்க போறது? சண்டை போடுறதுன்னாலும் அவர்கிட்டதானே போடணும். அதனால வந்துட்டேன்."

கைதட்டல் இல்லை. பின்வரிசையில், எழுந்து ஓட வசதியாக வாசலோரம் உட்காரும் அவள் புருஷன் மட்டும் "ஆமென்" என்றார். இருபது வருஷத்தில் அவர் சபையில் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். பாஸ்டர் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பிரசங்கம் பண்ணியிருக்கலாம்," என்றார். "பரவாயில்ல பாஸ்டர், நானும் கொஞ்சம் யோசிச்சுக் கேட்டிருக்கலாம்," என்றாள் அவள்.

புது சார் நல்ல மனிதர்தான். வேலைதான் ஒன்றும் தெரியாது. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். மூன்றே நாளில் பாத்துக்கலாம் சார் என்று பேர் விழுந்துவிட்டது. நாலாம் நாள் பிரசவ வார்டுக்கு ஒரு மூட்டை மேசைத் துணி போய்ச் சேர்ந்தது. மேனேஜர் ஸ்தோத்திரம் அக்காவைக் கூப்பிட்டார்.

"சார் தேறுற வரைக்கும் நீங்க கண்ணாடி ரூம்ல இருந்து சொல்லிக்குடுங்க."

"நாள் பூரா நின்னுக்கிட்டேவா சார் சொல்லிக்குடுக்குறது?"

கண்ணாடி அறைக்குள் தள்ளுவண்டி போவதில்லை. அதனால் விதி குறுக்கே வரவில்லை. ஸ்டோரிலிருந்து ஓர் இரும்பு ஸ்டூல் வந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எண். கூடவே வந்த சீட்டில் 'பயிற்சிக் காலத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அவள் அதில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டபோது கண்ணாடிக்கு வெளியே இளையவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னாள். "கைப்பிடியெல்லாம் விவரமா கேட்டேன், முதுகு சாய இடம் வேணும்னு கேக்கல பாருங்க. ஆண்டவர் அதைக் கண்டுபிடிச்சிட்டாரு."

இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது. செருப்பு வார் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. வீட்டுப் படியைச் சுவரைப் பிடிக்காமல் ஏறினாள். மூன்றாம் மாடி டாக்டர் வழியில் பார்த்து, "இப்படியே உட்கார்ந்தே இருங்க, ஆபரேஷனே வேண்டியிருக்காது," என்றார். அவளுக்கு அந்த ஸ்டூலைக் கும்பிடலாம் போல இருந்தது. விக்கிரகமாகிவிடுமே என்று விட்டுவிட்டாள்.

இளையவள்தான் ஆரம்பித்தாள். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தபடி, "ஏன்க்கா இவ்வளவு வேகமா சொல்லிக்குடுக்குறீங்க? மெதுவா சொல்லுங்களேன். அவர் மண்டையில ஏற ஆறு மாசம் ஆச்சுன்னா, ஸ்டூல் ஆறு மாசம் இருக்கும். உங்க ஆண்டவர் இப்படித்தான் குடுக்குறாரோ என்னவோ," என்றாள்.

ஸ்தோத்திரம் அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் புது சார் மறுநாள் பட்டியலைத் தானே எழுதிப் பார்த்தார். தீக்காய வார்டுத் துணியை இரண்டு முறை வெந்நீரில் போட்டு, உறையில் வைத்து மூடி, தனியாக அனுப்ப வேண்டும். அவர் அதைச் சாதாரண வார்டுகளோடு சேர்த்து எழுதியிருந்தார். ஸ்தோத்திரம் அக்கா பார்த்தாள். அவர் தேறவில்லை என்று மேனேஜருக்குத் தெரிய இது ஒன்று போதும். வார்டில் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் துணி திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே தீக்காய வார்டு ஆயாவும் வந்தாள். "பதினோரு பெட்டுக்கு விரிப்பு இல்ல. புண்ணோட இருக்கவங்க வெறும் ரெக்சின் மேல படுத்திருக்காங்க. ஒட்டிக்குதுன்னு கத்துறாங்க, கேக்க முடியல," என்றாள். ஸ்தோத்திரம் அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தவள் மதியம்வரை உட்காரவில்லை. வெந்நீர் இயந்திரத்தைத் தானே நின்று ஓட்டினாள், உறைகளைத் தானே மூடினாள், லிஃப்டுக்குக் காத்திராமல் முதல் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். வாயில் ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை.

மேனேஜர் கத்தியபோது புது சார், "என் தப்புதான் சார்," என்று வியர்வையைத் துடைத்தார். மேனேஜர் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.

"நேத்தே நான் பார்த்தேன் சார். பார்த்துட்டுச் சும்மா போயிட்டேன்."

"ஏம்மா?"

"இந்த ஸ்டூலுக்காக."

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "நான் மக்குதாம்மா. ஆனா அவ்வளவு மக்கு இல்ல. இது எதுவரைக்கும் இங்க இருக்கும்னு எனக்கும் தெரியும். நானும் பாதி நாள் தெரிஞ்சதையே திரும்பக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து எழுதினது மட்டும் நெஜமாவே தெரியாம எழுதினது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் சிரித்தார், கண்ணாடிக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே.

"போதும் சார்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்ம சௌகரியத்துக்காக மாடியில படுத்திருக்கவங்க தோல் உரியக் கூடாது. இன்னிலேருந்து ஒழுங்கா கத்துக்கங்க."

மாலையில் கட்டிலில் கால் நீட்டி அவள் செய்த ஜெபம் சுருக்கமாக இருந்தது. "நீங்க என்ன கணக்குல நடத்துறீங்கன்னு எனக்கு விளங்கல. விளங்கணும்னு கேக்கவும் இல்ல. நேத்து செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க. வார்டு லிஸ்ட் என் பொறுப்பு. என் காலு உங்க பொறுப்பு." சொல்லி முடித்ததும் மனசு லேசாகி, பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

நாலே நாளில் இருபத்திரண்டு வார்டையும் கரைத்துப் புகட்டினாள். புது சாரும் கருத்தாகக் கற்றார். ஐந்தாம் நாள் மேனேஜர் வந்து குறுக்கும் நெடுக்குமாகக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒரு தடவைகூட "பாத்துக்கலாம்" வரவில்லை. அறையின் ஓரமாக நின்ற ஸ்தோத்திரம் அக்காவுக்குத் தன் பிள்ளை பரீட்சையில் பாஸானது போலப் பெருமையாக இருந்தது.

"தேறிட்டீங்க சார். ஸ்டூலை ஸ்டோருக்கு அனுப்பிடுங்க," என்றார் மேனேஜர்.

"அது இங்கயே இருக்கட்டுமே சார்," என்றார் புது சார். "அவங்களுக்குக் கால்..."

"பயிற்சிக்குன்னுதான் எடுத்தது. பயிற்சி முடிஞ்சா போகணும்ல?"

புது சார் தலையாட்டினார். இந்த வேலையை விட்டால் அவருக்கும் வேறு பிழைப்பு இல்லை.

மேனேஜர் போனதும் இழுப்பறையிலிருந்து ஸ்டோருக்குப் பொருளைத் திருப்பும் படிவத்தை எடுத்து, நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். பொருள், எண், தேதி. காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'பயிற்சி முடிந்தது' என்று எழுதினார். எழுதியதை எப்போதும்போல அவளிடம் நீட்டினார், தலையைத் தூக்காமல்.

அவள் நின்றபடியே வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தாள். கார்பன் தாளை எந்தப் பக்கமாக வைப்பது என்பதிலிருந்து எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். மூன்று நகலிலும் எழுத்து தெளிவாக விழுந்திருந்தது.

"ஒரு தப்பும் இல்ல சார்," என்றாள். "இனிமே நான் பார்க்க வேண்டியதில்ல."